உட்கரு உள்ள வீடு

கரும்பலகையில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் ஒரு கோடு. அளவுகோல் கிடையாது, பேச்சை நிறுத்துவது கிடையாது, பலகையைப் பார்ப்பதுகூடக் கிடையாது. மாணவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே கையைப் பின்னால் விட்டு இழுப்பார். நூல் பிடித்த மாதிரி நிற்கும். அந்தப் பயிற்சி மையத்தில் அவருக்குக் கோடு சார் என்று பெயர் வந்தது அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் புரோகேரியோட்டிக் செல், அந்தப் பக்கம் யூகேரியோட்டிக் செல். "வேறுபடுத்துக" என்று வருஷம் தவறாமல் பரீட்சையில் வந்து நிற்கும் கேள்வி. சாருக்குச் சோறு போடுவதும் அதுதான்.

இடப்பக்கம் பாக்டீரியா மாதிரி ஆட்கள். உருவத்தில் சின்னவர்கள், வயதில் மூத்தவர்கள். உட்கருவுக்கு உறை இல்லை. மரபுப் பொருள் ஒரு வளையமாக நடுக்கூடத்தில் அவிழ்த்துப் போட்ட சட்டை மாதிரி கிடக்கும். தனி அறை, தனிக் கதவு என்ற பேச்சே இல்லை. ஆக்குவது, தின்பது, கழிப்பது எல்லாம் ஒரே இடத்தில். வலப்பக்கம் நாம், நம்மோடு ஆடு மாடு, மரம் மட்டை, காளான் வரைக்கும். உட்கருவுக்கு இரட்டைச் சவ்வு. மரபுப் பொருள் உள்ளே பத்திரமாகப் பூட்டிக் கிடக்கும். சமைக்க ஓர் உறுப்பு, கட்டி அனுப்ப ஓர் உறுப்பு, குப்பையை அரைக்க ஓர் உறுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சவ்வு.

ஒரு நாள் முன்வரிசையில் உட்காரும் மாணவி ஒருத்தி, கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும், எழுந்து கேட்டாள்: "சார், ரெண்டுக்கும் பொதுவா என்னென்ன சார் இருக்கு?"

"பொதுவா இருக்கறது பரீட்சைக்கு வராது. உக்காரு."

கடைசி பெஞ்சு அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டது.

வகுப்பு முடிந்தால் பலகையை அழித்துவிடலாம். மண்டைக்குள் போட்ட கோட்டை என்ன செய்வது? சாருக்குப் பார்க்கிற எதுவும் இரண்டாகப் பிரிந்துதான் தெரியும். டீக்கடையில் வரிசையில் நிற்பவர்கள், நிற்காதவர்கள். செருப்பைக் கழற்றி நேராக வைப்பவர்கள், உதறிவிட்டுப் போகிறவர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய அட்டவணை அவர் வாழ்ந்த இரண்டு வீடுகளைப் பற்றியது. அதை அவர் எந்தப் பலகையிலும் எழுதியதில்லை.

இடப்பக்கத்து வீடு பஸ் டிப்போவின் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை. அப்பா டிப்போவில் டிங்கர். அடிபட்டு நசுங்கி வரும் பஸ்களைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிற வேலை. நாள் முழுக்கத் தகரத்தோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டை, வீட்டுக்கு வந்தும் இறங்காது. அந்த அறையில் அடுப்பு எரிகிற மூலையிலேயே சார் பாடம் படித்தார், அதே மூலையில் துணி காய்ந்தது, அதே மூலையில் அம்மா தலை வாரினாள். ரகசியம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. அப்பா "அந்தத் தண்ணி..." என்று ஆரம்பிக்கும்போதே செம்பு கையில் வந்துவிடும், வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்பட்டதில்லை. பாக்டீரியாவிலும் அப்படித்தான். மரபுச் செய்தி ஒரு முனையில் நகலாகிக்கொண்டிருக்கும்போதே, மறுமுனையில் ரைபோசோம் ஏறி உட்கார்ந்து புரதம் செய்ய ஆரம்பித்துவிடும். முழுசாக வந்த பிறகு பார்க்கலாம் என்ற பொறுமையெல்லாம் அதற்குக் கிடையாது.

வலப்பக்கத்து வீடு சாரின் மாமனாருடையது. இன்சூரன்ஸ் ஆபீஸில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் ஆபீஸையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டின் நடுவில் ஓர் அறை, அதற்கு மங்கல் கண்ணாடி பதித்த கதவு, உள்ளே மேசை, மேசைமேல் அழைப்பு மணி. அதைச் சுற்றி மற்ற அறைகள். துணி தேய்க்க ஓர் அறை. பழைய செய்தித்தாளுக்கு ஓர் அறை. செருப்புக்குக்கூடக் கதவு வைத்த ஒரு சிறு அறை. விருந்தாளி அறை என்று ஒன்று, விருந்தாளி வந்தால் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக எப்போதும் பூட்டியே இருக்கும். பூட்டியே இருந்ததால் விருந்தாளி யாரும் வந்ததில்லை.

அந்த வீட்டில் உத்தரவு நேராக வராது. மேனேஜர் மணியை அடிப்பார். மாமியார் உள்ளே போவாள். கதவு சாத்தப்படும். கொஞ்ச நேரத்தில் மாமியார் வெளியே வந்து, கேட்டதில் எது வெளியே போகலாமோ அதை மட்டும் சொல்வாள். உள்ளே "இந்த வீட்ல ஒருத்தருக்கும் பொறுப்பு இல்ல, குழாய் சொட்டிட்டே இருக்கு, மாப்பிள்ளைக்குக் காது செவிடா?" என்று கிளம்பியது, வெளியே "மாப்பிள்ளை, நேரம் இருந்தா அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வந்து சேரும். இதற்கும் பாடத்தில் இடம் உண்டு. யூகேரியோட்டிக் செல்லில் உட்கருவுக்குள் எடுத்த நகல் அப்படியே வெளியே வந்துவிடாது. வேண்டாத துண்டுகளை உள்ளேயே வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, அதற்குப் பிறகுதான் சவ்வில் உள்ள துளை வழியே அனுப்புவார்கள். இதை நடத்தும்போதெல்லாம் சாருக்கு மாமியார் முகம் வந்து போகும்.

சரி, இந்தப் பெரிய செல்லுக்குள் சார் யார்? இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் மைட்டோகாண்ட்ரியா.

வகுப்பில் அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு உருக்கம் வந்துவிடும். ஒரு காலத்தில் தன்பாட்டுக்குச் சுதந்திரமாகத் திரிந்த பாக்டீரியா அது. ஒரு பெரிய செல் அதை விழுங்கியது. விழுங்கியதே தவிர ஜீரணிக்கவில்லை. உள்ளே போனது அங்கேயே தங்கி, தின்ன இடம் கிடைத்த நன்றிக்கு அந்தச் செல் முழுவதற்கும் சக்தி செய்து கொடுக்க ஆரம்பித்தது. "புரியற மாதிரி சொல்லணும்னா, வீட்டோட மாப்பிள்ளை" என்பார். வகுப்பு சிரித்து உருளும். சாரும் சேர்ந்து சிரிப்பார், கொஞ்சம் அதிகமாகவே.

மேனேஜருக்கு ஒரே பெண், சாரின் மனைவி. கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள், நல்லவள், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவள். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்ததால் சுவர் இருந்தால் கதவு இருக்கும், கதவு இருந்தால் சாத்தியிருக்கும் என்பது அவளுக்கு இயற்கை. கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே இருந்துவிடலாமே என்று மாமியார் வழியாகச் செய்தி வந்தபோது, சாருக்கு மறுக்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எதை மறுப்பதென்றும் தெரியவில்லை. தலைமுடி எந்தக் கடையில் வெட்டுவது, ரேடியோவில் என்ன கேட்பது, கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பது, ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனது. யாரும் பிடுங்கவில்லை. இவரே கொண்டுபோய்க் கொடுத்தார். புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. மோட்டார் போடுவது, காஸ் சிலிண்டர் மாற்றுவது, பல்பு மாற்றுவது, கார் ஓட்டுவது எல்லாம் இவர் பொறுப்பு. நடு அறைக்குள் அவர் போனது டியூப்லைட் மாட்ட மட்டும்தான். அப்போதும் நாற்காலிமேல் ஏறி நின்றதால், மாமனாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

அப்பாவிடமிருந்து போன் வந்தது ஒரு மதிய வகுப்பின் நடுவில். அம்மா போன பிறகும், டிப்போ வேலை முடிந்த பிறகும் அவர் அந்தக் குடியிருப்பிலேயே வாடகை கட்டித் தனியாக இருந்தார். சார் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"டேய், குவாட்டர்ஸை இடிக்கப் போறாங்கடா! செவுத்துல கை நுழையற அளவுக்கு விரிசல். எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் எங்க வரட்டும்?"

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. சாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எங்க வரட்டும்னா? என்னப்பா கேள்வி இது? இனிமே நீ என்கூடத்தான்."

முன்வரிசை மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீரம் பயிற்சி மையத்தின் வாசல் வரைக்கும் கூட வந்தது. பஸ் நிறுத்தத்தில் கொஞ்சம் இளைத்தது. வீட்டு கேட்டைத் திறந்தபோது சாரின் கையில் டிபன் டப்பா மட்டும்தான் இருந்தது. துணி தேய்க்கும் அறையில் மனைவி நின்றிருந்தாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய்ச் சொன்னார்:

"அப்பா இங்க வரார். கொஞ்ச நாளைக்குத்தான்."

இந்தக் "கொஞ்ச நாளைக்குத்தான்" எங்கிருந்து வந்தது? யார் கேட்டார்கள்? எச்சில் மாதிரி வாயில் தானாக ஊறி வந்துவிட்டது. விஷயத்தின் உயிரே "இனிமே" என்ற ஒரு வார்த்தையில்தான் இருந்தது. மாமியாரின் கத்தரிக்கு வேலையே வைக்காமல், பெற்ற மகன் அதை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, தேய்த்த சட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மனைவி அம்மாவிடம் சொன்னாள்: "மாமா கொஞ்ச நாள் வந்து தங்கணுமாம்." மாமியார் நடு அறைக்குள் போய்ச் சொன்னாள்: "சம்பந்தி ஒரு நடை வந்து நம்மளையெல்லாம் பாத்துட்டுப் போகணும்னு ஆசைப்படறாராம்." மேனேஜர் மனம் குளிர்ந்தார். "வரட்டுமே. ரெண்டு நாள் விருந்தாளி ரூம்ல தங்கட்டும். அதுக்கு அப்புறம் அந்த ரூம் அலமாரிக்குப் பாலீஷ் போட ஆள் வரச் சொல்லியிருக்கேன்." மாமியார் வெளியே வந்து மகளிடமும் மருமகனிடமும் சொன்னாள்: "வரட்டும்னுட்டார். விருந்தாளி ரூமைத் திறக்கச் சொன்னார்." அதோடு நிறுத்திக்கொண்டாள். ரெண்டு நாளும் பாலீஷும் கதவுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டன.

ஆக, வருகிறவர் இனி சாகும் வரைக்கும் மகன் வீட்டில் இருக்கலாம் என்று வருகிறார். மேனேஜர் ரெண்டு நாள் என்று நினைக்கிறார். மனைவி ஏதோ சில வாரம் என்று நினைக்கிறாள். மாமியாருக்கு எல்லாம் தெரிந்த மாதிரியும் இருக்கும், ஒன்றும் தெரியாத மாதிரியும் இருக்கும். அப்பாவுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது கோடு சார் ஒருவருக்குத்தான் தெரியும். அவர்தான் வாயைத் திறக்காதவர்.

அப்பா ஒரு குட்டி யானை லோடு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே மடக்கு இரும்புக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, சுத்தியல் பெட்டி, வாளிக்குள் வாளியாக மூன்று வாளி. மங்கல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் மணியை அடித்தார்.

"ரெண்டு நாளைக்குக் கட்டிலா?"

"முதுகு வலிக்காரர். சொந்தக் கட்டில் இல்லாட்டித் தூக்கம் வராதாம்" என்றாள் மாமியார்.

"வாளி?"

"சுத்தமான மனுஷர்."

அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி, "என்னடா எல்லாக் கதவும் சாத்தியிருக்கு? யாருக்காவது கோவமா?" யாருக்கும் கோபம் இல்லை என்று தெரிந்ததும் வரிசையாகத் திறந்துவிட்டார். விருந்தாளி அறைக்குள்ளேயே அடுப்பை வைத்து முட்டை பொரித்தார். ஜன்னல் கம்பியில் பனியன் காய்ந்தது. குளியலறையிலிருந்தே சமையலறையோடு பேசினார். பழைய செய்தித்தாள் அறையில் ஒரு வாளி போய் உட்கார்ந்தது, செருப்பறையில் சுத்தியல் பெட்டி. நல்ல சூடும் தீனியும் கிடைத்தால் பாக்டீரியா இருபது நிமிஷத்தில் இரண்டாகும் என்று சார் பாடத்தில் சொல்வார். அப்பா ஒருவர்தான் வந்தார். ஆனால் எந்த அறையில் எட்டிப் பார்த்தாலும் இருந்தார்.

யாருமே செய்யாத காரியத்தையும் செய்தார். ஒரு காலையில் இரண்டு கையிலும் டீயோடு போய், நடு அறைக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்தார். "சம்பந்தி, ஒத்தையா உக்காந்து என்ன பண்றீங்க? இந்தாங்க, சூடா இருக்கு." மேனேஜர் மேசைக்குப் பின்னால் இருந்து "ம்" என்றார். கேட்க வேண்டியது நாக்கு நுனியில் நின்றது. ஆனால் எதிரே ஒரு மனிதன், கையில் டீ, முகம் நிறையச் சிரிப்பு. கதவு சாத்தியிருந்தால் வருகிற தைரியம் திறந்திருந்தால் வராதவர்கள் உண்டு. டீயைக் குடித்துவிட்டார். அப்பா போன பிறகு மணியை நொறுக்கிவிடுகிற மாதிரி அடித்தார்.

"எப்பக் கிளம்பறார்னு கேளு."

மாமியார் வெளியே வந்தாள். "சம்பந்தி, இங்க எல்லாம் வசதியா இருக்கான்னு கேக்கறார்."

"ராஜா மாதிரி இருக்கேன்னு சொல்லுங்கம்மா! ரொம்ப நன்றின்னு சொல்லுங்க!"

மாமியார் உள்ளே போனாள். "உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னார்."

மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கிளம்பும் தேதி கேட்டு ஆள் அனுப்புகிறார், ஒவ்வொரு நாளும் நன்றி வருகிறது. இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரரை அவர் ஆபீஸிலும் பார்த்ததில்லை. பாலீஷ்காரருக்குப் போன் போட்டுத் தள்ளிப் போட்டார், மறுபடி தள்ளிப் போட்டார்.

இதற்கு நடுவே சார் தினமும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுவார். அப்பா குரல் எந்த அறையிலிருந்தாவது கேட்கும். மணிச் சத்தமும் கேட்கும். சீக்கிரமாகவே பயிற்சி மையத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கேயும் நிம்மதி இல்லை. மைட்டோகாண்ட்ரியாவை நடத்திக்கொண்டிருந்தபோது முன்வரிசை மாணவி எழுந்தாள்.

"சார், அதுக்கு வெளிய போகணும்னு தோணுச்சுன்னா போக முடியுமா சார்?"

"முடியாது. அதுகிட்ட சொந்தமா டி.என்.ஏ. இருக்கு, சொந்தமா ரைபோசோம் இருக்கு, அதெல்லாம் பேருக்குத்தான். முக்காவாசி ஜீனை அது எப்பவோ உட்கருகிட்ட குடுத்திடுச்சு. வெளிய வந்தா செத்துடும்."

"ஏன் சார் குடுத்துச்சு? உட்கரு கேட்டுச்சா?"

சார் சாக்பீஸைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"அது பரீட்சைக்கு வராது" என்றார். ஆனால் அன்றைக்குக் கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. கடைசி பெஞ்சுகூடக் கவனித்தது.

பாலீஷ்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். கையில் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவுமாக விருந்தாளி அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே அப்பா முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்காரனுக்கு வேலைக்காரனைப் பிடிக்கும், "வாப்பா, சாப்பிட்டியா? எதைத் தேய்க்கணும்? நானும் ஒரு கை போடறேன்" என்றார்.

பாலீஷ்காரர் எந்தத் துளை வழியாகவும் வந்தவர் இல்லை. வெட்டவும் ஒட்டவும் அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"பெரியவரே, இந்த ரூம் காலியா இருக்கும்னு மேனேஜர் ஐயா சொன்னாரு. சம்பந்தி ரெண்டு நாள்ல போயிடுவாரு, போனதும் வான்னாரு. அப்புறம் இன்னும் கிளம்பல, இன்னும் கிளம்பலன்னு தள்ளிட்டே வந்தாரு. எனக்கும் வேற வேலை இருக்குல்ல? நீங்க எப்பப் போறீங்க?"

அப்பா அடுப்பை அணைத்தார். பழைய செய்தித்தாள் அறைக்குப் போய் வாளியை எடுத்தார். செருப்பறையிலிருந்து சுத்தியல் பெட்டியை எடுத்தார். வாளிக்குள் வாளியை வைத்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சத்தம் இல்லாமல் செய்த முதல் காரியம் அது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள். சார் மாடிப்படிக்குக் கீழே இருந்து வந்தார், மனைவி துணி தேய்க்கும் அறையிலிருந்து வந்தாள், மாமியார் ஈரக் கையோடு வந்தாள். நடு அறைக் கதவும் திறந்தது. மேனேஜரே வெளியே வந்தார்.

அப்பா கட்டிலை மடக்கிக்கொண்டே, "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி. ரெண்டு நாள்னு நீங்க சொன்னது என் காதுக்கு வரல" என்றார்.

மேனேஜர் முகம் செத்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். "நான் சொல்லச் சொன்னேனே?"

"சொன்னீங்க" என்றாள் மாமியார். "நான்தான் சொல்லல."

"ஏன்?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க சொல்றதுல பாதியை நான் சொல்றதில்ல. சொல்லியிருந்தா இந்த வீட்ல வேலைக்காரி நின்னிருப்பாளா, மாப்பிள்ளை நின்னிருப்பாரா, நானே நின்னிருப்பேனா? ரெண்டு நாள்ல போயிடணும்னு வயசானவர்கிட்ட எந்த வாயால சொல்றது? சொல்றதுன்னா நீங்க வந்து சொல்லுங்க. இதோ நிக்கறார்."

மேனேஜருக்கு வேறொரு பிடி கிடைத்தது. "ஒரு நடை பாத்துட்டுப் போகத்தானே வரார்னு சொன்னே?"

"கொஞ்ச நாள் வந்து தங்கணுமாம்னு என்கிட்ட இவ சொன்னா" என்று மாமியார் மகளைக் காட்டினாள்.

"என்கிட்ட இவர் அப்படித்தான்மா சொன்னார்" என்று மகள் கணவனைக் காட்டினாள்.

எல்லா முகமும் கோடு சார் பக்கம் திரும்பியது. பாலீஷ்காரரும் திரும்பினார்.

அப்பாவின் கை கட்டிலில் நின்றது. "கொஞ்ச நாளாடா? இனிமே என்கூடத்தான்னு நீதானே சொன்னே?"

சார் வாயைத் திறந்தார். "அது வந்து... இதை ரெண்டு விதமாப் பாக்கணும். ஒரு பக்கம் பாத்தா..." என்று ஆரம்பித்தார். வலது கை தானாக மேலே போய்க் காற்றில் ஒரு கோடு இழுத்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுத ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் போக இடம் இல்லை, நான் பயந்தேன், இவ்வளவுதான் விஷயம். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கை அப்படியே இறங்கியது.

"மாமா" என்றார். மாமனார் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "அப்பாவோட குவாட்டர்ஸை இடிச்சுட்டாங்க. அவருக்குத் திரும்பிப் போக வீடு இல்ல. கொஞ்ச நாள்னு சொன்னது பொய். நான்தான் சொன்னேன், உங்ககிட்ட வந்து கேக்க தைரியம் இல்லாம. அவர் இனிமே என்கூடத்தான் இருப்பார். இங்க முடியாதுன்னா சொல்லுங்க, நானும் அவர்கூடப் போறேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தோமா என்ற கவலைகூட அந்த நேரம் அவள் முகத்தில் இல்லை.

இனி மேனேஜர் பேச வேண்டும். மேசை இல்லை, மணி இல்லை, கதவு பின்னால் எங்கேயோ இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினார். உள்ளே எத்தனையோ உத்தரவுகள் போட்ட மனிதர். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு செய்தி நேராக வெளியே வருவது இதுதான் முதல் தடவை. எதை வைப்பது, எதை நீக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் உள்ளே இருந்தது இருந்தபடியே வந்துவிட்டது.

"நீங்க போறேன்னா எப்படி மாப்பிள்ளை? நீங்களும் போயிட்டா எங்க ரெண்டு பேரை யாரு பாத்துக்கறது?"

குரல் கடைசியில் உடைந்தது. அவருக்கே அது பிடிக்கவில்லை. இப்படி ஒரு பயம் அந்த மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? மாமியாருக்கும் தெரியாது. பதறிப்போய், பழக்க தோஷத்தில், அவள் எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவர் என்ன சொல்ல வரார்னா..."

"இருக்கட்டும் சம்பந்தியம்மா" என்றார் அப்பா. "இதை வெட்டாதீங்க. முழுசாவே கேட்டுச்சு."

கட்டிலை மறுபடி விரித்தார்.